முதல் பணம் யாருடைய பணம்?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை, மலருக்காக எழுத்து வடிவில்)

 

நம் சங்கச் செயலாளர் போன் செய்து, "அண்ணே, இப்ப பசங்க வேலைக்குப் போறதைவிட கம்பெனி ஆரம்பிக்கிறதைப் பத்தித்தான் அதிகம் பேசுறாங்க. ஆரம்பப் பணத்தை எப்படித் திரட்டுறதுன்னு நீங்க வந்து சொல்லுங்க" என்றார். என்னை ஏன் கூப்பிட்டார் என்றால், நான் 25 வருஷம் பாங்கில் சிறுதொழில் கடன் பிரிவில் உட்கார்ந்தவன். அதாவது, "இல்லை" என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்கியவன்! ஓய்வுக்குப் பிறகு, புதுத் தொழில் தொடங்க வரும் இளைஞர்களின் திட்டங்களைப் படித்துப் பார்த்துத் தேர்வு செய்யும் குழு ஒன்றில் இருக்கிறேன். இப்போது "ஆமாம்" சொல்லவும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

நம் மொழியில் ஓர் அழகு பாருங்கள். 'முதல்' என்றால் ஆரம்பம். 'முதல்' என்றால் மூலதனமும்தான். முதல் போட்டவர் முதலாளி. "முதலுக்கே மோசம்" என்றால் இலாபம் போனதல்ல, போட்டதும் போய்விட்டது என்று அர்த்தம். புதுக் கம்பெனி விஷயத்தில் இந்த மோசம் அடிக்கடி நடக்கும். கெட்டிக்காரர்களுக்கும் நடக்கும். ஆகவே இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான்: தொலைந்து போகக்கூடிய காரியத்துக்கு, தொலைந்தால் தாங்கக்கூடியவரின் பணத்தை மட்டும் வாங்குங்கள். மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

எவ்வளவு என்பதற்கு முன்னால் எதற்கு?

சில வருஷங்களுக்கு முன் எங்கள் குழுவின் முன்னால் இரண்டு பையன்கள் வந்தார்கள். எலக்ட்ரிகல் படித்தவர்கள். விவசாயக் கிணற்று மோட்டாரில் மாட்டும் ஒரு சின்னப் பெட்டி செய்திருந்தார்கள். தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே ஓடினால் தானே நிறுத்திவிட்டு, தோட்டக்காரர் போனுக்குச் செய்தி அனுப்பும். நல்ல பெட்டி. "எவ்வளவு வேணும்?" என்று கேட்டோம். "ஒரு கோடி சார்." "எதுக்கு?" "ஆபீஸ், பத்து ஆளு, விளம்பரம்..."

எங்கள் குழுவில் பம்ப் செட் தொழிலிலேயே தலை நரைத்த ஒரு பெரியவர் இருந்தார். அவர் கேட்ட கேள்வி இதுதான்: "தம்பி, இந்தப் பெட்டியைப் பத்தி உங்களுக்கு இன்னும் தெரியாதது என்ன?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு உண்மையைச் சொன்னார்கள். விவசாயி இதற்கு 6,000 ரூபாய் கொடுப்பாரா, தெரியாது. மழை, இடி, ஏறி இறங்கும் கரண்ட் எல்லாவற்றையும் தாங்கி ஒரு பருவம் முழுக்க இது ஓடுமா, அதுவும் தெரியாது.

"சரி, அதைத் தெரிஞ்சுக்க எவ்வளவு செலவாகும்?" என்றார் பெரியவர். அங்கேயே கணக்குப் போட்டோம். 30 பெட்டி, ஒன்றுக்கு 4,000 ரூபாய் என்றால் 1,20,000. ஊர் ஊராகப் போக, பழுது பார்க்க, இரண்டு பேர் சாப்பாட்டுக்கு என்று எல்லாம் சேர்த்து ஆறு மாதத்துக்கு 4 லட்சம். ஒரு கோடி எங்கே, 4 லட்சம் எங்கே!

முதல் பணத்தின் வேலை கம்பெனியைப் பெரிதாக்குவது அல்ல. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்வது. விடை கிடைத்தபின் கேட்கும் பணத்துக்கு விலை குறைவு, மரியாதை அதிகம்.

அம்மாவின் நகை

4 லட்சம் என்றதும் அதில் ஒரு பையன் சட்டென்று, "அவ்வளவுதானா சார்? அம்மா நகையை அடகு வெச்சே கொண்டு வந்துடுவேன்" என்றான். நாட்டில் பாதிக் கம்பெனிகள் இப்படித்தானே தொடங்கின என்று நீங்களும் நினைப்பீர்கள். 1981-ல் இன்போசிஸ் தொடங்கியபோது நாராயண மூர்த்திக்கு அவர் மனைவி சுதா மூர்த்தி கொடுத்த 10,000 ரூபாய் கதை நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அது வேலைக்குப் போய்ச் சம்பாதித்து மிச்சம் பிடித்த பணம். அடகு வைத்து வட்டி கட்டுகிற பணம் அல்ல.

நகையைப் பற்றிப் பாசத்தோடு மட்டும் பேசவில்லை. சட்டமும் இருக்கிறது. 2013-ஆம் வருடக் கம்பெனிச் சட்டப்படி, பிரைவேட் லிமிடெட் கம்பெனி கண்டவரிடமும் கைமாற்று வாங்க முடியாது. அது 'டெபாசிட்' ஆகிவிடும். டைரக்டரும் டைரக்டரின் உறவினரும் கடன் கொடுக்கலாம். ஆனால், "இது நான் வேறு இடத்தில் கடன் வாங்கிக் கொடுக்கும் பணம் அல்ல" என்று எழுத்தில் தர வேண்டும். அம்மா நகையை அடகு வைத்து, அந்தப் பணத்தைக் கம்பெனிக்குக் கடனாகக் கொடுத்தால் அந்த உறுதிமொழியை எப்படித் தருவார்?

இன்னொன்று. சட்டத்தின் உறவினர் பட்டியலில் கணவன், மனைவி, அப்பா, அம்மா, பிள்ளை, மருமகள், மகள், மருமகன், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, கூட்டுக் குடும்பத்தார் உண்டு. தாய்மாமா இல்லை! நம் ஊரில் எல்லாக் காரியத்துக்கும் முன்னால் நிற்கிறவர் மாமாதான். சட்டத்துக்கு அது தெரியவில்லை. ஆகவே மாமா பணம் போட ஆசைப்பட்டால் பங்காகப் போடட்டும். ஆடிட்டரை வைத்து முறையாகச் செய்யுங்கள். பங்குக்காக வாங்கும் பணத்தைத் தனி பாங்க் கணக்கில் வைக்க வேண்டும். 60 நாளுக்குள் பங்கை ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஒரு நிதியாண்டில் இப்படி 200 பேருக்கு மேல் கேட்கக்கூடாது. ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்து பங்கு விற்கவும் கூடாது.

வீட்டுப் பணம் போட்டால் ஒரு வார்த்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள்: "மாமா, இது திரும்பி வராமலும் போகலாம். வராவிட்டாலும் நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வருவீங்களா?" சிரிக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர் தயங்கினால், அந்தப் பணத்தைத் தொடாதீர்கள்.

பாங்க் ஏன் "இல்லை" என்கிறது

பாங்க்காரன் கல்நெஞ்சன் என்பார்கள். அந்த நாற்காலியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது கணக்கு. நீங்கள் ஆயிரம் மடங்கு ஜெயித்தாலும் பாங்குக்குக் கிடைப்பது பேசிய வட்டிதான். நீங்கள் தோற்றால் போவது முழு அசல். அதுவும் யாரோ ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் போட்ட டெபாசிட். அவரால் அந்த நஷ்டத்தைத் தாங்க முடியாது. ஆகவே சோதனைக்குப் பாங்க் பணம் பொருந்தாது.

சோதனை முடிந்து, ஆர்டர் கையில் இருந்து, மெஷின் வாங்க வேண்டும் என்றால் அப்போது பாங்குக்கு வாருங்கள். ஈடு இல்லாத சிறுதொழில் கடனுக்கு உத்தரவாதம் தரும் டிரஸ்ட் 2000-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. மத்திய அரசும் சிட்பியும் சேர்ந்து அமைத்தது. "வீட்டுப் பத்திரம் கொண்டு வா" என்று யாராவது சொன்னால், அந்த உத்தரவாதத் திட்டத்தில் தர முடியுமா என்று தைரியமாகக் கேளுங்கள்.

அச்சாரம்

அப்படியானால் முதல் பணத்தை யாரிடம் கேட்பது? முதலில் வாடிக்கையாளரிடம் கேளுங்கள். நம்மூர்த் தச்சர், தட்டார், பந்தல்காரர் எல்லாம் தலைமுறை தலைமுறையாகச் செய்வதுதான். அச்சாரம் வாங்கித்தான் வேலை தொடங்குவார்கள். அச்சாரத்துக்கு வட்டி இல்லை, பங்கு கொடுக்க வேண்டியதில்லை. அதோடு, உங்கள் சரக்கு ஒருவருக்குத் தேவை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறு இல்லை.

1976-ல் ஆப்பிள் எப்படித் தொடங்கியது? வாஸ்னியாக் தன் கால்குலேட்டரையும் ஜாப்ஸ் தன் வேனையும் விற்றார்கள் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பணம் எந்த மூலைக்கு? கலிபோர்னியாவில் 'பைட் ஷாப்' என்ற கடைக்காரர், ஒன்றுக்கு 500 டாலர் வீதம் 50 கம்ப்யூட்டருக்கு ஆர்டர் கொடுத்தார். அந்த ஆர்டரைக் காட்டி உதிரி பாகங்களை 30 நாள் கடனில் வாங்கி, செய்து கொடுத்து, காசு வாங்கினார்கள். மைக் மார்க்குலா என்ற முதலீட்டாளர் பங்காகவும் கடனாகவும் 2,50,000 டாலரோடு வந்தது அதற்குப் பிறகு, 1977-ல்.

நம் ஊருக்கே வருவோம். ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கியதுதான் இன்றைய ஜோஹோ. வென்ச்சர் முதலீட்டாளர் பணம் வாங்காமல், விற்ற காசிலேயே வளர்ந்த கம்பெனி. அங்கே வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010-ல் சென்னையில் ப்ரெஷ்டெஸ்க் தொடங்கினார்கள். இவர்கள் வெளிப் பணம் வாங்கிய பாதை. 2011-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி முதல் வாடிக்கையாளராக வந்தது. அதே வருஷம் பிற்பகுதியில் ஆக்சல் நிறுவனம் 10 லட்சம் டாலர் போட்டது. 2021 செப்டம்பரில், ப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்கே போய்விட்டார்கள். இரண்டு பாதையும் நல்ல பாதைதான். இரண்டிலும் வாடிக்கையாளரை யாரும் தாண்டிப் போகவில்லை.

அரசுப் பணமும் அதன் நியாயமும்

ஆனால் எல்லாவற்றுக்கும் அச்சாரம் கிடைக்காது. ராக்கெட் செய்கிறேன் என்றால் யார் அச்சாரம் கொடுப்பார்? 2017-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் கம்பெனி, 2024 மே 30 அன்றுதான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் முதல் சோதனை ராக்கெட்டை விட்டது. ஏழு வருஷம்! இதுபோன்ற காரியங்களுக்குத்தான் ஆய்வுக்கூடமும் மானியமும் வேண்டும். நஷ்டத்தை ஊர் முழுவதும் பகிர்ந்துகொள்வதால் அரசு தாங்கும்.

2021-ல் மத்திய அரசு தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்துக்கு 945 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மாதிரி செய்து சோதித்துப் பார்க்க 20 லட்சம் வரை மானியம். சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ, பங்காக மாறும் பத்திரமாகவோ. தமிழக அரசின் டான்சீட் திட்டத்தில் 10 லட்சம் கொடுத்து 3 சதவீதப் பங்கு எடுத்துக்கொண்டார்கள். திட்டங்கள் வருஷா வருஷம் மாறும். ஆகவே பெயரை மனப்பாடம் செய்வதைவிட, பக்கத்திலிருக்கும் தொழில் வளர்ப்பு மையத்தின் வாசலை மிதியுங்கள். திருச்சியில் டிரெக்-ஸ்டெப் 1986-லிருந்தும், கோவையில் பி.எஸ்.ஜி. ஸ்டெப் 1998-லிருந்தும் இருக்கின்றன.

நம் பெட்டிப் பையன்களும் அப்படித்தான் செய்தார்கள். மானியமாக ஒரு பங்கு கிடைத்தது. மீதிக்கு, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பம்ப் வியாபாரி அச்சாரம் கொடுத்தார். போட்ட 30 பெட்டியில் 9 பெட்டி இடியிலும் கரண்ட் ஏற்றத்திலும் கருகிப் போயின. அதுதான் அவர்கள் வாங்கிய பாடம். ஒரு கோடி வாங்கி ஆயிரம் பெட்டி செய்திருந்தால் 300 பெட்டி கருகியிருக்கும், கம்பெனியும் கருகியிருக்கும். அம்மாவின் நகை பீரோவிலேயே பத்திரமாக இருந்தது.

வெளியாரின் பங்கு

பெட்டியைத் திருத்தி, வியாபாரிகள் திரும்பத் திரும்ப ஆர்டர் கொடுத்த பிறகுதான் அவர்கள் முதலீட்டாளரிடம் போனார்கள். இவர்களை 'ஏஞ்சல்' என்கிறார்கள். தேவதை என்றதும் வரம் கொடுப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். பத்துக் கம்பெனியில் போட்டால் பாதிக்கு மேல் போய்விடும், ஒன்றிரண்டு எல்லாவற்றையும் ஈடுகட்டும் என்று தெரிந்தே போடுகிறவர்கள். தாங்கக்கூடியவர்கள். சென்னையில் 2007-லேயே 'தி சென்னை ஏஞ்சல்ஸ்' என்ற குழு அமைந்துவிட்டது.

இவர்களிடம் எவ்வளவு கேட்பது? மாதச் செலவு 2 லட்சம் என்று வையுங்கள். அடுத்த இலக்கை எட்ட 12 மாதம். அதற்கடுத்த பணம் திரட்ட இன்னும் 6 மாதம். அது சீக்கிரம் வராது. ஆக 18 மாதம், 36 லட்சம். கையிருப்புக்கு 4 லட்சம் சேர்த்து 40 லட்சம். இப்படிக் கேட்டால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பங்கு எவ்வளவு போகும்? பணம் வருமுன் கம்பெனியின் மதிப்பு 1 கோடி 60 லட்சம் என்று ஒத்துக்கொண்டால், 40 லட்சம் வந்தபின் 2 கோடி. அவருக்கு 20 சதவீதம், உங்களுக்கு 80. இன்னும் இரண்டு தடவை இதேபோல் 20, 20 கொடுத்தால் 80 என்பது 64 ஆகி, பிறகு 51.2 ஆகும். பாதிக்குச் சற்று மேல் உங்களிடம் இருக்கும். முதல் தடவையே அவசரப்பட்டு 40 சதவீதம் கொடுத்திருந்தால்? 60, 48, கடைசியில் 38.4. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் கடிவாளம் கை மாறிவிடும். 1957-ல் அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி 70,000 டாலருக்கு 70 சதவீதப் பங்கைக் கொடுத்தது. அந்தக் காலத்தில் அப்படிப் போட ஆளே கிடையாது. இன்று உங்களுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை.

சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். கம்பெனி விற்கப்பட்டால் யாருக்கு முதலில் பணம் என்று ஒரு ஷரத்து இருக்கும். 40 லட்சம் போட்டார், கம்பெனி 60 லட்சத்துக்குத்தான் விலைபோனது என்று வையுங்கள். 'போட்டது முதலில்' என்றிருந்தால் அவருக்கு 40, உங்களுக்கு 20. 'போட்டது முதலில், பிறகு மிச்சத்திலும் பங்கு' என்றிருந்தால் அவருக்கு 44, உங்களுக்கு 16. 'போட்டதில் இரண்டு மடங்கு முதலில்' என்றிருந்தால் 60-ம் அவருக்கே. உங்களுக்கு டீக்காசு கூட இல்லை. மூன்றிலும் சதவீதம் 20-தான்!

அடுத்தது கூட்டாளிகளுக்குள் ஒப்பந்தம். இரண்டு நண்பர்கள் பாதிப் பாதி என்று தொடங்குவார்கள். எட்டே மாதத்தில் ஒருவருக்கு அமெரிக்காவில் எம்.எஸ். சீட் கிடைக்கும். பாதிக் கம்பெனியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிடுவார். இருக்கிறவர் ராப்பகலாக உழைத்தாலும் பாதி அவருக்கு. புது முதலீட்டாளர் இதைப் பார்த்தால் திரும்பியே பார்க்க மாட்டார். ஆகவே பங்கு நான்கு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாகும், முதல் வருஷம் முடியுமுன் போனால் ஒன்றுமில்லை என்று ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நட்பைச் சந்தேகப்படுவதாகாது. நட்பைக் காப்பாற்றுவதாகும்.

பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

நண்பர்களே, கடைசியாக நமக்கு. நாம் கல்லூரிக்கு வரும்போதெல்லாம் குடிதண்ணீர்த் தொட்டி கட்டுகிறோம், மின்விசிறி போடுகிறோம், நல்ல காரியம். இனி இன்னும் மூன்று செய்யலாம்.

ஒன்று, இந்தப் பிள்ளைகளின் முதல் வாடிக்கையாளராக இருங்கள். உங்கள் தொழிற்சாலையில், ஆஸ்பத்திரியில், பள்ளியில் அவர்கள் சரக்கை வைத்துப் பார்க்க ஒரு மூலை கொடுங்கள். சும்மா வேண்டாம், காசு கொடுத்து வாங்குங்கள். சொன்ன தேதியில் காசைக் கொடுங்கள்.

இரண்டு, நம்மில் சிலருக்கு ஐந்து லட்சம் போனால் ஒரு வாரம் வருத்தமாக இருக்கும், அவ்வளவுதான். இவர்கள் வீட்டில் அதே ஐந்து லட்சம் ஒரு தங்கையின் படிப்பு. அந்த நஷ்டத்தை யார் ஏற்பது நியாயம்? முன்பெல்லாம் நியாய மதிப்புக்கு மேல் பங்கு விற்றால் கம்பெனிக்கு வரி என்ற தொல்லை 2012-லிருந்து இருந்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் அதை நீக்கிவிட்டார்கள். அந்தச் சாக்கும் இப்போது இல்லை.

மூன்று, "முடியாது" என்றால் இரண்டு வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம்பா" என்று ஆறு மாதம் அலையவிடுவதைவிட அது பெரிய உபகாரம்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒரு சொல். கம்பெனி மூடினால் அது அவமானம் அல்ல. கணக்கை ஒழுங்காக வைத்திருந்து, சம்பளப் பாக்கி இல்லாமல், முதல் போட்டவர்களிடம் மாதாமாதம் உள்ளதை உள்ளபடி சொல்லிவந்தால், அதே ஆட்கள் அடுத்த தடவையும் உங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள். பணம் போனால் சம்பாதிக்கலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பணம் போட்டவரின் நம்பிக்கைக்கும் அதே கணக்குதான் என்று நினைத்துவிடாதீர்கள்.